புலாவ் தெக்கோங்கில் முதல் ஒன்பது வாரங்கள்: தேசிய சேவைக்குச் செல்லும் இளையருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு கட்டாய தேசிய சேவை நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பதினெட்டு வயதை எட்டும் ஆண்மக்கள் ஒவ்வோர் ஆண்டும் வீட்டை விட்டுச் சீருடைக்குள் செல்கிறார்கள். சிலர் காவல்துறைக்கும் சிலர் குடிமைத் தற்காப்புப் படைக்கும் அனுப்பப்படுகிறார்கள். ராணுவத்திற்குத் தேர்வாகிறவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டு முழுநேரச் சேவையின் தொடக்கம் புலாவ் தெக்கோங் தீவிலுள்ள அடிப்படை ராணுவப் பயிற்சி நிலையத்தில்தான் அமைகிறது. உடற்தகுதித் தேர்வில் முன்பே தேர்ச்சி பெற்றவர்களுக்கு அந்தப் பயிற்சி ஏறத்தாழ ஒன்பது வாரம் நடக்கும். தேர்ச்சி பெறாதவர்களுக்கும் எடை மிகுந்தவர்களுக்கும் அதைவிட நீளும்.

இந்த வாரங்களில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் உடல் வலிமை குறைந்தவர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. சிறு வேலைகளை நேரத்தோடு முடிக்காமல் கடைசி நிமிடத்திற்குத் தள்ளுகிறவர்களும், உடம்பில் தெரியும் கோளாறை வெளியே சொல்லாமல் மறைக்கிறவர்களும்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, சேர்க்கைக்கு முன்பிருந்து அணிவகுப்பு நாள் வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

சேர்க்கைக்குச் சில மாதங்களுக்கு முன்பு

முதலில் ஐபிபிடி எனப்படும் உடற்தகுதித் தேர்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடத் தண்டால், ஒரு நிமிட உட்கார்ந்தெழும் பயிற்சி, 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தது இந்தத் தேர்வு. மொத்தம் 100 புள்ளிகளில் ஓட்டத்திற்கு மட்டும் 50 புள்ளிகள். மற்ற இரண்டுக்கும் தலா 25. சேர்க்கைக்கு முன்பே இந்தத் தேர்வில் கலந்துகொண்டு, ஒவ்வோர் அங்கத்திலும் குறைந்தது ஒரு புள்ளியோடு மொத்தம் 61 புள்ளிகளை எட்டிவிட்டால், தகுதியுள்ளவர்களுக்கு முழுநேரச் சேவைக் காலத்தில் இரண்டு மாதம் வரை குறையும். உயர்கல்விக்குக் காத்திருக்கும் ஓர் இளைஞருக்கு இரண்டு மாதம் என்பது சிறிய காலம் அன்று. அதனால் சேர்க்கைக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல், கல்லூரித் தேர்வுகள் முடிந்த மறுவாரமே ஓடத் தொடங்குவது நல்லது.

பாதிப் புள்ளிகள் ஓட்டத்தில் இருப்பதால் முயற்சியில் பாதியும் அங்கேதான் போக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் போதும்: ஒரு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் நீண்ட ஓட்டம், ஒரு நாள் 400 மீட்டர் தூரத்தை வேகமாக ஓடி, சற்று நடந்து, மீண்டும் ஓடுவது, ஒரு நாள் 2.4 கிலோமீட்டரை நேரம் பார்த்து ஓடுவது. குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சிக் கூடத்தின் ஓடுபொறியிலேயே பழகியவர்கள் தெக்கோங்கின் வெயிலில் திணறுவார்கள். ஆகவே வாரத்தில் ஒரு முறையாவது வெளியில், சற்று வெப்பம் உள்ள பொழுதில் ஓடிப் பழக வேண்டும். தண்டாலை ஒரே மூச்சில் எடுக்க முடியாதவர்கள் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்து எடுத்தால் எண்ணிக்கை தானாக உயரும்.

அடுத்து மருத்துவப் பரிசோதனை. இதில் உங்கள் பெஸ் நிலை, அதாவது எந்த அளவு கடுமையான பயிற்சிக்கு நீங்கள் ஏற்றவர் என்பது, முடிவாகிறது. ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, பழைய எலும்பு முறிவு, தோல் நோய், மனநல சிகிச்சை என எதுவாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். மருத்துவரின் கடிதங்களையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். போர்ப் பிரிவுக்குப் போகும் ஆசையில் ஆஸ்துமாவை மறைக்கிற பிள்ளைகளும் உண்டு; மகன் கடினமான பயிற்சிக்குப் போகவில்லை என்றால் உறவினர் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிற பெற்றோரும் உண்டு. இந்தத் தயக்கத்தால் ஒரு பிள்ளையின் உயிருக்கே ஆபத்து வரலாம். பெற்றோர் இதில் பிள்ளையின் பக்கம் நின்று, உள்ளதை உள்ளபடி சொல்ல அவருக்குத் துணிவு கொடுக்க வேண்டும்.

பையில் என்ன வைக்க வேண்டும்

சீருடை, காலணி, தலைக்கவசம், முதுகுப்பை, தண்ணீர்ப் புட்டிகள் அனைத்தும் அங்கேயே வழங்கப்படும். எனவே பெட்டி பெட்டியாக எதையும் கொண்டுபோக வேண்டாம். அலமாரிக்குப் பூட்டுகள், குளியல் பொருள்கள், இரண்டு வாரத்திற்குப் போதுமான உள்ளாடைகள், கறுப்பு மைப்பேனா, அழியாத மையுள்ள தடித்த பேனா, ஒட்டுப்பட்டைகள், பாதத்திற்கான பொடி, துணி சோப்புத்தூள், சட்டை மாட்டிகள், எளிய கைக்கடிகாரம் ஆகியவை போதும். இழுத்து மூடும் நெகிழிப் பைகளைப் பெரியதும் சிறியதுமாக இரண்டு பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்களப் பயிற்சியில் அவற்றைப் போல உதவும் பொருள் வேறில்லை. வழக்கமாக உட்கொள்ளும் மருந்து இருந்தால் மருத்துவரின் சீட்டோடு வைக்க வேண்டும். சைவ உணவு மட்டும் உண்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் உணவுக்கூடத்தில் அதற்கு ஏற்பாடு இருக்கும்; ஹலால் உணவும் தனியே உண்டு.

கையில் கோயில் கயிறோ கழுத்தில் சங்கிலியோ அணிந்திருப்பவர்கள், அதை அணியலாமா என்று முதல் நாளே தம் பிரிவுத் தலைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் நாள்

சாங்கியில் உள்ள ஆயுதப்படைப் படகுத்துறையிலிருந்து தீவுக்குச் சிறிது நேரப் படகுப் பயணம். வழக்கமாகக் குடும்பத்தினரும் உடன் வந்து, படுக்கையறையையும் பயிற்சி இடங்களையும் பார்த்து, உணவுக்கூடத்தில் சாப்பிட்டு, உறுதிமொழி எடுக்கும் நிகழ்ச்சியைக் கண்டு திரும்பலாம். பிள்ளைகள் வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லும் அந்த நேரத்தில் பல அம்மாக்கள் அழுவது இயல்பு. ஆனால் விடைபெறும் நேரத்தை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். குடும்பம் படகேறிய பின் பிள்ளைக்கு அடுக்கடுக்காக வேலைகள் காத்திருக்கின்றன: முடிவெட்டு, சீருடை பெறுதல், அளவு பார்த்தல், படிவங்கள், அலமாரி ஒதுக்கீடு.

காலணி அளவு பார்க்கும்போது அவசரப்பட வேண்டாம். பின்னால் வரிசை நிற்கிறதே என்று முதலில் கொடுத்த இணையையே வாங்கிக்கொண்டு வந்தால், மாதக் கணக்கில் பாதம் அதற்கு விலை கொடுக்கும். தடித்த காலுறையோடு போட்டு, குதிகாலைப் பின்னால் தட்டி, முன்விரல்களுக்குச் சற்று இடம் இருக்கிறதா என்று நடந்து பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். பொருந்தவில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள்.

அன்றே உங்களுக்கு ஒரு நான்கு இலக்க எண் கிடைக்கும். முதல் இலக்கம் பல சிறு குழுக்கள் சேர்ந்த பிரிவான பிளட்டூனையும், இரண்டாவது அதற்குள் உள்ள சிறு குழுவான செக்‌ஷனையும், கடைசி இரண்டும் உங்கள் இடத்தையும் குறிக்கும். 2304 என்றால் இரண்டாம் பிளட்டூன், மூன்றாம் செக்‌ஷன், நான்காம் ஆள். வழங்கப்பட்ட பொருள் ஒவ்வொன்றிலும், புட்டியின் மூடி வரை, அந்த எண்ணை அன்றிரவே எழுதிவிடுங்கள். ஒரே மாதிரியான தண்ணீர்ப் புட்டிகள் குவிந்து கிடக்கும் இடத்தில் எண் எழுதாத புட்டி திரும்பக் கிடைக்காது.

வீட்டுக்கு வராத முதல் இரண்டு வாரங்கள்

முதல் விடுப்புக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் தீவிலேயே தங்க வேண்டும். உடல் வேலையைவிட, புதிய ஒழுங்குக்குப் பழகுவதுதான் இந்தக் காலத்தில் கடினம். விடியும் முன்பே எழ வேண்டும். சில நிமிடங்களில் படுக்கையைச் சீராக்கி, முகம் மழித்து, சீருடையில் கீழே வரிசையில் நிற்க வேண்டும். இதைச் சமாளிக்க ஒரே வழி, காலை வேலையில் பாதியை இரவே முடித்துவிடுவதுதான். மறுநாள் உடையை மாட்டியில் தொங்கவிட்டு, காலுறையைக் காலணிக்குள் வைத்து, புட்டிகளை நிரப்பி, மழிப்பானை எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். தடையற்ற ஏழு மணிநேர ஓய்வு வீரர்களுக்கு விதிப்படி ஒதுக்கப்பட்டது. அதைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

யாரை எப்படி அழைப்பது என்பது முதல் வாரத்தில் பலருக்குக் குழப்பம். செக்‌ஷனை நடத்துபவர் சார்ஜண்ட். அவரை அப்படியே அழைக்கலாம். பிளட்டூன் கமாண்டர் போன்ற அதிகாரிகளை ‘சார்’ என்றோ ‘மேடம்’ என்றோ அழைக்க வேண்டும். வாரண்ட் அதிகாரிகளை மலாய் வழக்கப்படி ‘என்சிக்’ என்பார்கள். அணிவகுப்புக் கட்டளைகளும் மலாயில்தான்: ‘செடியா’ என்றால் விறைப்பாக நிற்க வேண்டும், ‘செனாங் டிரி’ என்றால் கால் அகட்டித் தளர்ந்து நிற்க வேண்டும், ‘கெ கானான் பூசிங்’ என்றால் வலப்புறம் திரும்ப வேண்டும். மலாய் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சில நாளில் காது பழகிவிடும்.

அலமாரி ஆய்வுக்கும் படுக்கை ஆய்வுக்கும் அறை முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருவர் கச்சிதமாக மடித்து, அடுத்தவர் வேறு விதமாக மடித்தால் இருவருக்கும் திருத்தம்தான். முதலில் முடித்தவர் தம் கட்டிலில் சாய்ந்துவிடாமல் பக்கத்துக் கட்டிலுக்குப் போவதுதான் இங்கே வழக்கம். பயிற்சி முடிவில் சகதோழர்களே ஒருவரையொருவர் மதிப்பிடும் முறை உண்டு. தலைமைப் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்பதில் அதற்கும் இடம் இருக்கிறது. மதிப்பெண்ணுக்காக உதவுகிறவரை அறைத்தோழர்கள் விரைவில் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டு நினைவு வாட்டினால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தூக்கமும் பசியும் கெடும் அளவுக்குப் போனால் செக்‌ஷன் சார்ஜண்டிடம் சொல்லுங்கள். அவரிடம் சொல்ல மனம் வரவில்லை என்றால், ஆயுதப்படையின் ஆலோசனைத் தொலைபேசி எண் 1800-278-0022 இருக்கிறது.

தண்ணீர், வெப்பம், பாதம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் உலராததால் உடல் தன் சூட்டை வெளியேற்றத் திணறுகிறது. அதனால்தான் முகாமில் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளந்து, வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என நிறங்களால் அறிவித்து, அதற்கேற்ப எவ்வளவு நேரம் பயிற்சி, எவ்வளவு நேரம் ஓய்வு என்று வகுக்கிறார்கள். வீரர்களை வரிசையில் நிற்கவைத்து, எல்லாரும் ஒன்றாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து உறுதிசெய்யும் வழக்கமும் உண்டு. குடித்ததாகப் பாவனை செய்து புட்டியை இறக்கிவிடுகிறவர்கள் ஏமாற்றுவது தங்கள் உடலைத்தான். அதே நேரத்தில் தாகமில்லாமல் லிட்டர் லிட்டராக ஒரே மூச்சில் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து அதுவும் ஆபத்தாகும். நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிப்பதே முறை. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியான அளவில் குடிக்கிறீர்கள் என்று பொருள். அடர் நிறமாக இருந்தால் குறைவு.

தலைச்சுற்றல், தலைவலி, குமட்டல், காரணமில்லாத எரிச்சல், தடுமாறும் நடை ஆகியவை வெப்பத் தாக்கத்தின் எச்சரிக்கைகள். முற்றிய நிலையில் பாதிக்கப்பட்டவருக்குத் தாம் பாதிக்கப்பட்டிருப்பதே தெரியாது. பேச்சு குழறும், கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதில் வரும். ஆகவே உங்களை மட்டும் கவனித்தால் போதாது. உங்களுக்கு இணையாக ஒதுக்கப்பட்ட தோழரிடம் அடிக்கடி பேச்சுக் கொடுங்கள். பதில் சரியாக வரவில்லை என்றால் உடனே குரல் எழுப்பிப் பயிற்சியை நிறுத்தச் சொல்லுங்கள். அப்படி நிறுத்தச் சொல்லும் பொறுப்பு கடைநிலை வீரருக்கும் உண்டு. 2018இல் வேக நடைப்பயிற்சிக்குப் பிறகு வெப்பத் தாக்கத்தால் ஓர் இளம் வீரர் உயிரிழந்தார். இது பாடப்புத்தகத்தில் மட்டும் உள்ள ஆபத்தன்று.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தைய இரவு தூக்கமின்மை ஆகியவை இருக்கும் நாளில் வெப்பத் தாக்கம் எளிதில் வரும். அப்படியான காலையில் மருத்துவ நிலையத்திற்குச் செல்ல வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ‘கேங்’ அடிக்கிறான், அதாவது நோயுற்றதாக நடிக்கிறான் என்று தோழர்கள் சொல்வார்களோ என்ற அச்சத்தில் நாற்பது பேரோடு ஓடப் போவது வீரம் ஆகாது. மருத்துவர் ஓய்வோ, ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்பது போன்ற விலக்கோ கொடுத்தால் அதை முழுமையாகக் கடைப்பிடியுங்கள். உண்மையில் நலமாக இருந்துகொண்டு நோய் சொல்வதும் தவறுதான். அதனால் அடுத்த முறை உண்மையாகவே நோயுற்றவர் பேச்சை மற்றவர்கள் நம்பாமல் போகிறார்கள்.

பாதங்களைப் பற்றி: நகங்களை நேராக வெட்டுங்கள், ஓரங்களை உள்ளே வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். நீண்ட நடைக்கு முந்தைய இரவு வெட்டாமல் சில நாள் முன்பே வெட்டிவிடுங்கள். ஈரக் காலுறையை வாய்ப்புக் கிடைத்ததும் மாற்றி, விரலிடுக்குகளைத் துடைத்து, பொடி போடுங்கள். குதிகாலில் சூடாக உணர்ந்த உடனேயே ஒட்டுப்பட்டை ஒட்டினால் கொப்புளம் வராது. வந்த பிறகு ஒட்டுவது வலியைக் குறைக்குமே தவிரக் கொப்புளத்தைத் தடுக்காது.

துப்பாக்கி

சிங்கப்பூரிலேயே வடிவமைக்கப்பட்ட எஸ்ஏஆர் 21 துப்பாக்கி ஒரு சடங்கு போன்ற நிகழ்ச்சியில் உங்களிடம் ஒப்படைக்கப்படும். வெற்று எடையே நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது உங்களிடம் இருக்கும் நேரமெல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். கழிவறைக்குப் போகும்போதுகூட நம்பகமான ஒருவரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தொலைத்தால் ராணுவச் சட்டப்படி நடவடிக்கை உண்டு. சுட்ட பின் உள்ளே படியும் கரியை உடனே துடைப்பது எளிது. மறுநாள் வரை விட்டால் இறுகிவிடும். சுடுதளத்தில் கட்டளை கேட்டபின்தான் எதையும் தொட வேண்டும். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். கையெறி குண்டு வீசும் நாளுக்கும் இதே ஒழுக்கம்தான். பயிற்சிக் குண்டில் பலமுறை பழகிய பின், பாதுகாப்புச் சுவருக்குப் பின்னால் பயிற்றுநர் அருகில் நிற்க, உண்மையான குண்டை வீசுவீர்கள். அவர் சொல்வதைத் தவிர வேறெதையும் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

வெளிக்களப் பயிற்சி

ஏறத்தாழ ஐந்து நாள் காட்டில் தங்கும் இந்தப் பயிற்சியைத்தான் எல்லாரும் அஞ்சுகிறார்கள். இதில் பெருமளவு சிரமத்தை முந்தைய இரவின் பொதியடுக்கலிலேயே குறைத்துவிடலாம். நாளுக்கு ஒரு நெகிழிப் பை வீதம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பனியன், ஓர் உள்ளாடை, ஓர் இணைக் காலுறை வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, மேலே ‘நாள் 1’, ‘நாள் 2’ என்று எழுதுங்கள். இருட்டில், மழையில், கை மட்டும் துழாவி எடுக்கும்படி இருக்க வேண்டும். அழுக்குத் துணிக்கு ஒரு பெரிய பை தனியாக. கைவிளக்கு, கொசுவிரட்டி, ஈரத்துணித்தாள், பொடி ஆகிய நான்கையும் முதுகுப்பையின் வெளிப்பைகளில், எப்போதும் அதே இடத்தில் வையுங்கள்.

அங்கே குளியல் கிடையாது. ஈரத்துணித்தாளால் துடைத்து, பொடியைத் தாராளமாகத் தூவிக்கொள்வதுதான் குளியல். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய மூன்றும் உலர்ந்திருந்தால் மற்ற அழுக்கைத் தாங்கிக்கொள்ளலாம். இரவில் மழைத்துணிகளை இணைத்துக் கூடாரம் கட்டும்போது, தரையின் சரிவைப் பார்த்து, மேட்டுப் பக்கம் சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். நள்ளிரவு மழை உங்கள் படுக்கைக்குள் ஓடி வராது. மடக்கு மண்வெட்டியால் உடல் மறையும் அளவுக்குக் குழி தோண்டும் வேலையும் உண்டு. தெக்கோங் மண்ணில் வேர்கள் பின்னிக் கிடப்பதால், முதலில் மேல் வேர்களை ஓரமாக வெட்டிப் பிரித்துவிட்டுப் பிறகு ஆழப்படுத்தினால் கைக்கு வேலை குறையும். கையுறை அணிந்து தோண்டுங்கள்.

பொட்டல உணவு சிலருக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்டால் இரண்டாம் நாள் மதியம் கால் தள்ளாடும். பாதியாவது சாப்பிட்டே ஆக வேண்டும்.

இந்தப் பயிற்சியின் நடுவே வீட்டிலிருந்து வந்த கடிதங்களை வீரர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கடிதம் கேட்டு உங்களுக்குச் செய்தி வந்தால் பெற்றோர்கள் தட்டிக் கழிக்காமல் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், வீட்டில் நடக்கும் சாதாரணச் செய்திகளே போதும்: தங்கையின் தேர்வு, பாட்டியின் மூட்டுவலி, எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர்கள். பிள்ளை சரளமாகப் படிக்கும் மொழியில் எழுதுங்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பவராக இருந்தாலும், தாத்தாவோ பாட்டியோ தம் கையால் தமிழில் இரண்டு வரி எழுதிச் சேர்த்தால், அவர் நேரமெடுத்து அதைப் படித்துவிடுவார்.

நீண்ட நடையும் அதன் பிறகும்

முதுகுப்பையும் துப்பாக்கியுமாக நடக்கும் தூரம் 4, 8, 12, 16 என்று கூடிக்கொண்டே போய், இறுதியில் 24 கிலோமீட்டர் வரும். பையின் கனமான பொருள்களை முதுகை ஒட்டி மேற்பகுதியில் வையுங்கள். வார்களை நடக்கத் தொடங்கும் முன்பே இறுக்கிச் சரிபாருங்கள். ஒவ்வோர் ஓய்விலும் உட்கார்ந்த உடனே தண்ணீர், பிறகு பாதம், பிறகுதான் பேச்சு. பெரும்பாலும் இரவில் நடப்பதால் வெயில் இராது; ஆனால் தூக்கம் கண்ணைக் கட்டும். முன்னால் போகிறவரின் நடை தளர்வதைக் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். இறுதி நடையை முடித்தவர்கள் பயிற்சி நிறைவு அணிவகுப்பில் குடும்பத்தின் முன் தொப்பியை வீசி எறிவார்கள்.

அதற்குப் பிறகு சில நாள் விடுப்பு. அதற்குள் அடுத்த பணியிடம் அறிவிக்கப்படும்: அதிகாரிப் பயிற்சி, ஸ்பெஷலிஸ்ட் எனப்படும் சார்ஜண்ட் நிலைப் பயிற்சி, அல்லது ஏதேனும் ஒரு படைப்பிரிவு. எதிர்பார்த்தது கிடைக்காதவர்கள் பலர் இருப்பார்கள். ஓட்டுநர், சமையற்கூடம், கிடங்கு என எங்கே அனுப்பினாலும் அங்கும் இதே கவனம் வேண்டும். வீட்டுக்கு வந்த அன்றே ஈரத் துணிகளை அலசிக் காயவைத்து, காலணியின் உள்தட்டை எடுத்து வெயிலில் வைத்து, வழங்கப்பட்ட பொருள்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேசிய சேவையாளர்களுக்கான ஒன்என்எஸ் இணையத்தளத்தில் அடுத்த முகாமுக்குச் செல்ல வேண்டிய நாளையும் நேரத்தையும் இடத்தையும் சரிபார்த்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். தொலைந்தது ஏதேனும் இருந்தால் விடுப்பிலேயே ராணுவப் பொருள்கள் விற்கும் இமார்ட் கடையில் வாங்கிவிடுங்கள். புதிய முகாமில் முதல் வாரமே பொருள் சரிபார்ப்பு வரக்கூடும்.